களிமண் தொட்டியாய்க் கிடந்த படகு

பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த அன்று காலை ஜெயஸ்ரீ அச்சு வார்க்கும் கூடத்துக்குப் போகவில்லை. நேராகப் பின்பக்க முற்றத்துக்குப் போனாள். களிமண் ஊறவைக்கும் பெரிய தொட்டியின் முன்னால் நின்று, சுடிதார் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, வெள்ளைக் குழம்புக்குள் கையை விட்டு அடிப்பாகத்தைத் தடவினாள். நடுவில் நீளவாக்கில் சிமெண்ட் பூசி அடைத்த ஒரு பிளவு விரலில் தட்டியது. பதினோரு வருஷமாக அந்தத் தொட்டியைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் எதற்காக ஒரு பிளவு இருக்கிறது என்று அவள் யாரையும் கேட்டதில்லை. இரண்டு நாளைக்கு முன்னால்தான் அது தெரிந்தது.

ஜெயஸ்ரீக்கு முப்பத்தொன்பது வயது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் கோவிந்தராசு நடத்தும் பீங்கான் கம்பெனியில், பொம்மைக்கும் கோப்பைக்கும் பிளாஸ்டரில் அச்சு வார்ப்பது அவள் வேலை. ஒரு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. இரும்புப் பட்டை வைத்த காலிபரை மாட்டிக்கொண்டு நடப்பாள். வெளியே போவதற்குப் பின்னால் இரண்டு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர் வைத்திருந்தாள். உட்கார்ந்தபடி செய்யலாம் என்றுதான் இந்த வேலைக்கு வந்தாள். ஈர அச்சுகளைத் தூக்கித் தூக்கி அவள் தோளும் கையும் கட்டையாக இறுகியிருந்தன.

காணும் பொங்கலுக்குக் கம்பெனிப் பெண்கள் எல்லோரும் வேன் பிடித்துப் புதுச்சேரி போனார்கள். சுண்ணாம்பாற்றங்கரையில் மற்றவர்கள் மோட்டார் படகில் ஏறினார்கள். தன்னை இரண்டு ஆண்கள் தூக்கித்தான் ஏற்றவேண்டும் என்று தெரிந்ததும் ஜெயஸ்ரீ கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது கொஞ்சம் தள்ளியிருந்த இன்னொரு படகுத்துறையில் ஒரு பெண்ணைப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் வந்தவள், ஒரு பலகை மேல் சறுக்கி, சின்ன வெள்ளைப் படகுக்குள் தானாக இறங்கினாள். யாரோ படகைத் தள்ளிவிட்டார்கள். அவள் ஒரு கயிற்றை இழுத்தாள். பாய் காற்றைப் பிடித்தது. சத்தமே இல்லாமல் படகு கிளம்பிப் போயிற்று. அவள் திரும்பி வரும்வரை ஒரு மணி நேரம் ஜெயஸ்ரீ அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

பயிற்சி கொடுக்கும் பெண் அவளைக் கவனித்துவிட்டு அருகில் வந்தாள். பெயர் கார்முகில். இருபத்தெட்டு வயது இருக்கும். வெயிலில் கறுத்துப்போன முகம்.

"யாரையாவது தேடுறீங்களாக்கா?"

"இல்ல மேடம். அந்தம்மா போன பக்கமே திரும்பி வந்தாங்களே, எப்புடி திருப்பினாங்க?"

"ஒரு கையில சுக்கான். ஒரு கையில பாய்க்கயிறு. அவ்ளோதான்."

"காலு?"

"உட்கார எடம் இருந்தா போதும்."

தானும் கற்றுக்கொள்ளலாமா என்று ஜெயஸ்ரீ கேட்டாள். கார்முகில் உள்ளதைச் சொன்னாள். இதற்குத் தோதான படகு இரண்டுதான் இருக்கிறது. பதினான்கு பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். சொந்தமாகப் படகு இருந்தால் நாளைக்கே ஆரம்பிக்கலாம். பேசிக்கொண்டே அவள் காட்டிய இடத்தில் ஒரு படகு சாய்த்துப் போடப்பட்டிருந்தது. அதன் அடிவயிற்றின் நடுவில் நீளமான ஒரு பிளவு. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடாமல் இருக்க அதன் வழியாக ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்களாம். ஜெயஸ்ரீ அந்தப் பிளவையே பார்த்தாள். இதை எங்கேயோ தொட்டிருக்கிறோம் என்று தோன்றியது. வேன் நெய்வேலி தாண்டும்போதுதான் எங்கே என்று பிடிபட்டது.

"என்னாம்மா, வந்ததும் வராததுமா தொட்டில கைய வுட்டுக்கிட்டு நிக்கற?" என்று கேட்டுக்கொண்டே முதலாளி கோவிந்தராசு வந்தார்.

"மொதலாளி, இது தொட்டி இல்லிங்க. படகு."

"அது தெரிஞ்சதுதானே. எங்கப்பா கடலூர்ல ஏதோ ஏலத்துல பழைய இரும்போட சேத்து எடுத்தாந்தாரு. பைபரு துருப்புடிக்காதுன்னு மண்ண ஊறப்போட்டுட்டாரு."

"இத எனக்குக் குடுத்துடுங்க."

"உனக்கு என்னாத்துக்கு?"

"ஓட்டறதுக்கு."

கோவிந்தராசு சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். "ரெண்டு டன்னு மண்ணு கெடக்குது அதுல. எல்லாத்தையும் வாரி வேற தொட்டிக்கு மாத்திட்டு எடுத்துக்க. வேலை நேரத்துல செய்யக்கூடாது" என்றார்.

மூலையில் கிடந்த உடைந்த பிளாஸ்டிக் டேங்குகள் இரண்டை ஆள் வைத்துக் குறுக்கே அறுத்து, நான்கு தொட்டிகளாக்கிக் கொடுத்தாள். வேலை முடிந்த பிறகு தினமும் ஒன்றரை மணி நேரம், படகின் விளிம்பில் உட்கார்ந்தபடி மண்ணை வாரினாள். ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் தண்ணீர் விட்டுக் கழுவியதும் படகு தெரிந்தது. பதின்மூன்று அடி நீளம். முன்மூக்கில் ஒரு சாண் அகலத்துக்கு உடைப்பு. வலது பக்க அடியில் மண்வெட்டி குத்திக் குத்தி ஏற்பட்ட ஓட்டை. சிமெண்ட் அடைத்த நடுப்பிளவு. பாய்மரமும் சுக்கானும் இல்லை. வேலைக்கு வந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்துவிட்டு, "இதுலயா போவப் போற?" என்று கேட்டார்கள்.

"இப்ப இல்ல" என்றாள் ஜெயஸ்ரீ.

கைப்பேசியில் வீடியோக்கள் பார்த்தாள். ரெசின் பசையும் கண்ணாடி நார் விரிப்பும் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அடி ஓட்டையை ஒட்டினாள். பிளாஸ்டரைக் கலக்கிப் பழகிய கைக்கு ரெசின் கலப்பது சிரமமாக இல்லை. இறுகவைக்கும் மருந்தை அளவாக விட்டு, தூரிகையால் தடவி, நார் விரிப்பை நான்கு அடுக்கு வைத்து அமுக்கினாள். மறுநாள் காலையில் அது கல் மாதிரி இருந்தது. சந்தோஷமாகத் தட்டிப் பார்த்தாள். புதன்கிழமை ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. அதில் நகத்தை விட்டு இழுத்ததும், அப்பளத்தைப் போல மொத்த ஒட்டும் கையோடு வந்துவிட்டது.

அன்று உரிந்து வந்த துண்டை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, சாயங்காலம் ஸ்கூட்டரில் மங்கலம்பேட்டைக்குப் போனாள். அங்கே அப்துல் சமது என்று ஒருவர் தண்ணீர் கேன் கடை வைத்திருந்தார். பதினாறு வருஷம் வளைகுடாவில் பைபர் படகு கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர் என்று கம்பெனியில் யாரோ சொல்லியிருந்தார்கள். நாற்பத்தைந்து வயது மனிதர். அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கையை ஆட்டிவிட்டார்.

"அந்த வேலை வேணாம் தங்கச்சி. நெஞ்சு கெட்டுப்போயித்தான் ஊருக்கு வந்தேன். அந்த ரெசின் நாத்தத்த மறுபடியும் மோந்து பாக்க மாட்டேன்."

"நீங்க வர வேணாம் பாய். இத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று அவள் பையைத் திறந்து துண்டைக் கொடுத்தாள்.

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒட்டியிருந்த பக்கத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். பிசுபிசுவென்று வெள்ளையாக ஏதோ வந்தது. "கலவையெல்லாம் நல்லாத்தான் கலந்திருக்க. ஆனா ஈரத்து மேல ஒட்டியிருக்கியே. எத்தினி வருஷம் தண்ணில கெடந்துச்சு?"

"இருவது வருஷத்துக்கு மேல."

"அப்ப மேலாக்கத் தொடச்சா ஈரம் போவுமா? உள்ளாற பலகை வச்சு, அதுக்கு மேலயும் கீழயும் பைபர் போட்டிருப்பான். அந்தப் பலகை முச்சூடும் தண்ணி குடிச்சிருக்கும்."

ஜெயஸ்ரீ தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். ஈரம் காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால் வெடிக்கும் என்று புதிதாக வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்கிறவள் அவள்தான்.

"காயவச்சிட்டு வரேன் பாய்."

"எத்தினி மாசம் ஆவும்னு தெரியுமா?"

"காயற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

கம்பெனியில் சூளையின் பின்சுவரையொட்டி ஒரு நீளமான அறை இருந்தது. அச்சுகளைக் காயவைக்கிற இடம். சூளை எரிகிற நாட்களில் அங்கே நின்றால் ஐந்து நிமிஷத்தில் சட்டை நனைந்துவிடும். முதலாளியிடம் கேட்டு, அங்கே ஓர் ஓரத்தில் படகைக் கவிழ்த்து வைத்தாள். அச்சு காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எடை போடுவாள். எடை குறைவது நிற்கிற அன்று அச்சு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். படகுக்கும் அதையே செய்தாள். ஞாயிறும் புதனும் நான்கு பேர் சேர்ந்து படகைத் தூக்கி, மண் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் வைப்பார்கள். முதல் நாள் நூற்று முப்பத்தொரு கிலோ. அடுத்த வாரம் நூற்று இருபத்தாறு. பிப்ரவரி முடியும்போது நூற்றுப் பதினெட்டு. அதற்குள் கம்பெனி முழுவதற்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் இந்தத் தடவை எவ்வளவு என்று பந்தயம் கட்டினார்கள்.

நூற்றுப் பதினெட்டில் எடை நின்றுவிட்டது. மூன்று வாரம் சூளை எரிந்தும் அரைக் கிலோகூடக் குறையவில்லை. "காஞ்சிடுச்சு, ஒட்டிடு" என்றார்கள். ஜெயஸ்ரீக்கு மனம் ஒப்பவில்லை. கார்முகிலுக்கு போன் போட்டு, இந்த மாதிரிப் படகு என்ன எடை இருக்கவேண்டும் என்று கேட்டாள். தொண்ணூறு, தொண்ணூற்றைந்துக்குள் இருக்கும் என்று பதில் வந்தது. அப்படியானால் இருபது கிலோவுக்கு மேல் தண்ணீர் எங்கேயோ அடைபட்டுக் கிடக்கிறது. படகின் இரண்டு பக்கத்திலும், கவிழ்ந்தாலும் மிதப்பதற்காக, மூடிய காற்றறைகள் இருந்தன. சுத்தியல் பிடியால் அவற்றை அங்குலம் அங்குலமாகத் தட்டினாள். டங் டங்கென்று வந்த சத்தம் பின்பக்கம் போகப் போக மொத்தென்று மாறியது. அந்த இடத்தில் துளை போட்டாள். பால் மாதிரி களிமண் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை வாளிக்கு மேல் வந்தது. பிறகு நல்ல பைபரையும் இரண்டு இடத்தில் வெட்டித் திறந்து, உள்ளே கறுத்து ஊறிப்போயிருந்த பலகையைச் சுரண்டி எடுத்தாள். இருந்த உடைப்பு போதாது என்று இன்னும் உடைக்கிறாளே என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஏப்ரல் மாதம் எடை தொண்ணூற்று மூன்றுக்கு வந்தது. அடுத்த தடவையும் தொண்ணூற்று மூன்று. அதற்கடுத்த தடவையும் அதுவே. அன்று மாலை மறுபடி மங்கலம்பேட்டைக்குப் போனாள். எண்களை எழுதி வைத்த தாளை சமதுவிடம் காட்டினாள். அவர் மேலிருந்து கீழே படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார்.

"எங்க பட்டறையில கூட இப்புடிச் செஞ்சதில்ல" என்றார். "சரி, ஞாயித்துக்கெழம காலைல வரேன். வெயிலுக்கு முன்னாடி. இந்தச் சூட்டுல லேட்டா கலந்தா ரெசின் பக்கெட்டுலயே கல்லாயிடும்."

"உங்க நெஞ்சு?"

"நல்ல முகமூடி ரெண்டு வாங்கி வை. காத்து வர்ற பக்கமா நான் நின்னுக்கிறேன். ஒட்டற வேலை உன்னுது. படகுக்குப் பாய் வேணும்ல, அதான் வரேன்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

காலை ஐந்தரைக்கு அவர் வந்தார். ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல், ஒரு கையகலத்துக்குத் தட்டு மாதிரி சாய்வாகத் தேய்க்கச் சொன்னார். பழசும் புதுசும் அங்கேதான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஜெயஸ்ரீ தேய்த்தாள். பைபர் தூசி கழுத்திலும் கையிலும் ஏறி இரண்டு நாள் அரித்தது. முன்மூக்கில் உடைந்துபோன பகுதிக்கு எதன் மேல் நார் விரிப்பை வைப்பது என்று சமது யோசித்தபோது, அது தன் வேலை என்றாள் அவள். நன்றாக இருந்த இடது பக்க மூக்கைப் பார்த்து வலது பக்கத்துக்கு பிளாஸ்டரில் ஓர் அச்சு வார்த்தாள். அதைக் காயவைத்து, மெழுகு பூசி, உள்ளே நார் விரிப்பை அடுக்கினாள். பிரித்து எடுத்தபோது மூக்கு அப்படியே பொருந்தியது. சமது விரலால் இணைப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நடுப்பிளவின் சிமெண்டை உளியால் உடைத்து எடுத்தார்கள். ஒட்டுப்பலகையை அறுத்து, பைபர் போர்த்தி, நடுப்பலகையும் சுக்கானும் செய்தார்கள். பழைய பாய்மரமும் தைத்துத் தைத்துப் பழசாகிப்போன ஒரு பாயும் தன் இடத்தில் சும்மா கிடப்பதாகக் கார்முகில் சொல்லியிருந்தாள்.

இதற்கிடையில் ஜெயஸ்ரீயின் அண்ணன் விருத்தகிரி கம்பெனிக்கு வந்தான். அவன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். தங்கை ஏதோ பொழுதுபோக்குக்குப் பழுதுபார்க்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். படகைப் புதுச்சேரிக்கு எடுத்துப் போக வண்டி வேண்டும் என்று அவள் கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"நீ இதுல ஏறி தண்ணியில போவப் போறியா? தனியாவா?"

"ஆமாண்ணா."

"வூட்டுல யாரக் கேட்ட? கால வச்சிக்கிட்டு நீ படற பாடு போதாதா?"

"எனக்குக் கரையிலதான்ணா காலு வேணும். அதுல உக்காந்தா வேணாம்."

"கவுந்துச்சுன்னா?"

"நீதானே எனக்கு நீச்சல் கத்துக் குடுத்த."

அது உண்மை. கம்மாபுரத்தில் அவர்கள் கொல்லைக் கிணற்றில், லாரி டியூபைக் கட்டி, பத்து வயதில் அவளை இறக்கியது அவன்தான். அந்தக் கொல்லை இப்போது நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது.

"கெணறு வேற. இது வேற" என்றான் விருத்தகிரி. "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? என் வண்டில ஏத்த மாட்டேன்." அவன் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஜெயஸ்ரீ அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஜூன் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு வண்டி பேசிவிட்டதாக மட்டும் வீட்டில் சொன்னாள்.

அந்த ஞாயிறு விடியும்போது கம்பெனி வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. விருத்தகிரி தன் வண்டியிலிருந்து இறங்கி, மற்ற வண்டிக்காரன் படகைக் கட்டியிருந்த விதத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இந்தக் கட்டு மந்தாரக்குப்பம் தாண்டறதுக்குள்ள அவுந்துடும்" என்று எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னான். படகு அவன் வண்டிக்கு மாறியது. புதுச்சேரி வரை அவனே ஓட்டிவந்தான்.

படகைத் தண்ணீரில் இறக்கி, கார்முகில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பத்து நிமிஷத்தில் நடுப்பிளவின் ஓரமாகத் தண்ணீர் கசிந்து அவள் காலை நனைத்தது. "இது ஒண்ணும் ஆபத்தில்லக்கா. அப்பப்ப மொண்டு ஊத்திக்கலாம்" என்றாள்.

"வேணாம். வெளிய எடுங்க" என்றாள் ஜெயஸ்ரீ.

கூட வந்திருந்த சமது மீதி ரெசினைக் கொண்டுவந்திருந்தார். துடைத்து, மதியம் வரை வெயிலில் காயவைத்து, ஊசி முனை அளவு இருந்த துளையைத் தேடிப் பிடித்து அடைத்தார்கள். மறு வாரம் மறுபடி வந்தார்கள். அன்று ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

ஆனால் கார்முகில் ஒரு கண்டிஷன் போட்டாள். தன்னோடு சேர்ந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம். தனியாக விடவேண்டும் என்றால், படகு கவிழ்ந்தபின் ஜெயஸ்ரீயே அதை நிமிர்த்தி, அவளே உள்ளே ஏறவேண்டும். "யாரா இருந்தாலும் இதான்க்கா ரூல். உங்களுக்காக மாத்த மாட்டேன்."

"மாத்த வேணாம்" என்றாள் ஜெயஸ்ரீ.

நான்கு வாரம் கார்முகிலோடு உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது கழுத்துக்குத் தெரிய ஆரம்பித்தது. ஐந்தாம் வாரம் சோதனை. காலிபரைக் கழற்றி வைத்து, மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். கார்முகில் பக்கத்தில் மோட்டார் படகில் நின்றாள். வேண்டுமென்றே சாய்த்ததும் படகு பக்கவாட்டில் படுத்தது. பாய் தண்ணீரில் விரிந்தது. ஜெயஸ்ரீ நீந்திச் சுற்றிப் போய், அடிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த நடுப்பலகையில் தொற்றி, மேல் விளிம்பிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்து, முழு எடையையும் பின்னால் போட்டுத் தொங்கினாள். படகு மெல்ல நிமிர்ந்தது. அது முதல் தடவையே முடிந்துவிட்டது. ஏறுவதுதான் முடியவில்லை. பக்கவாட்டில் எம்பினால் படகு அவள் மேலேயே சாய்ந்தது. பின்பக்கமாக எம்பினால் நெஞ்சு வரை ஏறியதும் பிடித்து இழுக்க ஒன்றும் இல்லாமல் கை வழுக்கியது. மூன்று தடவை முயன்றாள். நான்காவது தடவை வாய்க்குள் உப்புத் தண்ணீர் போய், இருமலில் கை விட்டுப்போனது. கார்முகில் இழுத்து ஏற்றினாள்.

கரையில் விருத்தகிரி நின்றிருந்தான். "போதும், வா, வூட்டுக்குப் போவலாம்" என்றான். ஜெயஸ்ரீ துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற சமதுவைப் பார்த்து, "பாய், இதுல கம்பு மாதிரி ஒண்ணு உள்ள ஒட்ட முடியுமா?" என்று கேட்டாள்.

படகின் பின் விளிம்பில் நெஞ்சை வைத்துப் படுத்து, வலது கையை எட்டிய மட்டும் உள்ளே நீட்டினாள். விரல் முட்டிய இடத்தில் சமது பென்சிலால் கோடு போட்டார். அங்கே குறுக்காக ஒரு மூங்கில் கழியை வைத்து, பைபர் போர்த்தி, தரையோடு சேர்த்து ஒட்டினார்கள். பின்பக்கம் தண்ணீருக்குள் தொங்கும்படி, அவளுடைய வலது பாதம் நுழைகிற அளவுக்கு ஒரு கயிற்று வளையமும் கட்டினார்கள். கழி பிய்ந்து வராதா என்று பார்க்க, விருத்தகிரியை அதைப் பிடித்து இழுக்கச் சொன்னாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அது அசையவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் கடற்காற்று எழும்பிய பிறகு படகைக் கவிழ்த்தாள். நிமிர்த்தினாள். நீந்திப் பின்பக்கம் வந்து, வலது காலைத் தடவித் தடவி வளையத்துக்குள் நுழைத்தாள். ஒரு மூச்சு இழுத்து எம்பினாள். நெஞ்சு விளிம்பில் ஏறியது. கை முன்னால் பாய்ந்து கழியைப் பிடித்தது. அதற்குப் பிறகு எல்லாம் கைதான். சூம்பிய காலும் நல்ல காலும் பின்னால் இழுபட, மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து விழுந்தாள். குப்புறக் கிடந்தபடியே சுக்கானைப் பிடித்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள் கார்முகில்.

இன்னொரு தடவை செய்தாள். மூன்றாவது தடவையும் செய்தாள். கார்முகில் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு, "முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு செவப்பு மிதவை இருக்குது. அதச் சுத்திட்டு வாங்க. நான் பின்னால வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் போய்விட்டாள்.

ஜெயஸ்ரீ பாய்க்கயிற்றை இழுத்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்து வேகம் எடுத்தது. அவள் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, உடம்பை வெளியே சாய்த்து அதைச் சமன் செய்தாள். அடியில் தண்ணீர் சலசலவென்று ஓடும் சத்தம் பைபர் வழியாகத் தொடைக்கு ஏறியது. சவுக்குத் தோப்பு பின்னால் போயிற்று. கரையில் இருந்தவர்கள் சின்னதாகிப்போனார்கள். நடக்கத் தொடங்கியதிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் எங்கே படி, எங்கே வழுக்கும், எதைப் பிடித்துக்கொள்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகிறவள், அந்தக் கால் மணி நேரம் அதில் எதையுமே நினைக்கவில்லை. மிதவையைச் சுற்றும்போது கயிற்றை விடக் கொஞ்சம் தாமதித்துவிட்டாள். பாய் படீரென்று அந்தப் பக்கம் போய், படகு பயங்கரமாக ஆடியது. பயந்தாள். சட்டென்று குனிந்து எதிர்ப்பக்கம் நகர்ந்தாள். படகு நேரானது.

திரும்பி வரும்போது சமது கரையில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். விருத்தகிரி பேண்ட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றான். படகு அவனை நோக்கி வந்தது. அவன் முன்மூக்கை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான். முகமெல்லாம் தண்ணீர், எது கண்ணீர் என்று சொல்ல முடியாது.

"வந்துட்ட. எறங்கு, தூக்கறேன்" என்றான்.

"இல்லண்ணா. இன்னும் காத்து இருக்குது" என்றாள் ஜெயஸ்ரீ. "படகத் திருப்பித் தள்ளி வுடு. இன்னொரு சுத்துப் போயிட்டு வரேன்."

விருத்தகிரி அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு படகின் மூக்கை ஆற்றின் நடுப்பக்கம் திருப்பி, பின்னால் வந்து, தோளைக் கொடுத்துத் தள்ளினான்.